மிக அரிதாக

கடைக் கதவின் மணி அடித்தது. கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த லென்ஸை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கதவு சாத்தியபடியே இருந்தது.

“யாரு வந்தா?” என்றார்.

“யாரும் வரலையே. மணியும் அடிக்கல,” என்றாள் மனைவி, பிரேம்களைத் துடைத்தபடி. “காலையிலேருந்து இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க.”

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாதமாகவே காரணமில்லாத படபடப்பு. கூடவே உடம்பெல்லாம் அரிப்பு. போன வாரம்தான் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிப்புக்கும் கேட்கும், மனசும் அடங்கும் என்றார். அரிப்பு அடங்கிவிட்டது. மனசுதான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்றது.

எழுந்து போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மணி ஒழுங்காகத்தான் அடித்தது. அப்படியே சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாப்பில், தோளில் பையோடு, தம்பி நின்றிருந்தான். நேற்றும் இதே நேரம், இதே இடம்.

தம்பி இருக்கும் ஊருக்கு ரயிலேறினால் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அப்பா இறந்தபோது அவன் வரவில்லை; அதோடு நின்ற பேச்சு. அவர் நினைவில் இருந்த தம்பிக்கு மீசை கருகருவென்று இருக்கும். இவனுக்குப் பாதி நரைத்திருந்தது.

“இங்க வாயேன், சீக்கிரம். அங்க நிக்கிறது யாருன்னு பாரு.”

மனைவி கிட்டே வருவதற்குள் ஒரு பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது ஸ்டாப் காலியாகக் கிடந்தது.

“யாருமே இல்லையே,” என்றவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“ஒண்ணுமில்ல. தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு.”

உள்ளறைக்குப் போய் மாத்திரைப் பெட்டியோடு வந்த தாளைப் பிரித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல் என்று ஆரம்பித்துக் கை நடுக்கம், குழப்பம் என்று போனது. கடைசியில், மடிப்பு விழுந்த இடத்தில், இப்படி இருந்தது: ‘மிக அரிதாக, இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது.’

டாக்டருக்குப் போன் செய்தார்.

“இத்தனை வருஷத்துல நான் ஒருத்தரைக்கூட அப்படிப் பாத்ததில்ல,” என்றார் டாக்டர். “ஆனா சிலருக்கு வந்ததா எழுதியிருக்காங்க. மாத்திரையை இன்னையோட நிறுத்திடுங்க. நாளைக்குச் சாயந்திரம் வாங்க, இதயத் துடிப்பையும் ஒரு தடவை பாத்துடலாம்.”

“நிறுத்தினா உடனே போயிடுமா டாக்டர்?”

“உடம்பை விட்டு முழுசா இறங்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் ஏதாவது தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். அது உங்களை ஒண்ணும் பண்ணாது.”

மறுநாள் மாத்திரை போடவில்லை. வேலையும் ஓடவில்லை. ஒரே பிரேமை மூன்று முறை கழற்றி மாட்டினார். விழுந்த திருகாணியை மேஜைக்கு அடியில் தேடி எழுந்தபோது மணி நாலு. கண் தானாக எதிர்ப்பக்கம் போயிற்று.

தம்பி நின்றிருந்தான். அதே பை.

இந்தத் தடவை பயம் வரவில்லை. இல்லாத ஆளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே என்று தோன்றியது. பெற்றவளிடமும் கட்டியவளிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்த ஒன்று, தொண்டை வரைக்கும் ஏறி வந்தது.

“டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடறேன்,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார்.

ஸ்டாப் பெஞ்சில் ஒரு பெண் மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். தனியாகப் பேசினால் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாள். அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். தம்பிக்குப் பக்கத்தில் போய், அவனைப் பார்க்காமல், ஓடுகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றார்.

“நீ இங்க இல்லன்னு எனக்குத் தெரியும்டா,” என்றார், தாழ்ந்த குரலில். “நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வாய் காய்ந்து கிடந்தது.

“அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நீ போன் பண்ணி ‘நான் வரட்டுமா’ன்னு கேட்டே. ‘உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கிறார், வராத’ன்னு சொன்னேன். அது பொய். அப்பா அப்படிச் சொல்லவே இல்ல. மூணு நாளும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தார். யார் உள்ள வந்தாலும் ‘சின்னவனா’ன்னு கேட்டார்.”

ஒரு பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. கிளம்பிப் போய்விட்டது.

“பக்கத்துலயே இருந்து எல்லாம் பாத்தவன் நான். அவர் வாயில உன் பேருதான் வந்துச்சு. எனக்குத் தாங்கலடா. அதனால பண்ணிட்டேன். உன்னை நேர்ல பாத்து இதைச் சொல்ல இந்த ஜென்மத்துல எனக்குத் தைரியம் வராது.”

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று ஓய்ந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

பெஞ்சிலிருந்த பெண் எழுந்து வந்து அவர் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

“சார், போனைக் கொஞ்சம் வைங்க. உங்க பக்கத்துல நிக்கிறவர் அழறார்.”