கட்டைவிரல் ஓவியர்

“கட்டைவிரலைக் கொண்டாங்க. இந்த மூலையில... மெதுவா! அமுக்கித் தொலைச்சிடாதீங்க.”

சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் படிந்த கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் ஒற்றி எடுத்தார். தாளில் ஒரு காக்கை, தண்ணீர்க் குழாயில் தொங்கும் ஒற்றைச் சொட்டுக்காக வாயைப் பிளந்து காத்திருந்தது. காக்கை, குழாய், சொட்டு எல்லாம் அவர் மனைவி வரைந்தவை. கிரீஸ் கறை மட்டும் அவருடைய சொந்தப் படைப்பு.

“இப்பதான் நீங்க வரைஞ்ச மாதிரி இருக்கு,” என்றாள் அவள்.

அவர் அதைச் செல்போனில் படம் பிடித்து, ‘தினம் ஒரு படம்’ குழுவில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். இன்றைய மானம் காப்பாற்றப்பட்டது.

கடைத்தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. பேக்கரிக்காரர் தலைவர். தையல்காரர், மருந்துக்கடை அக்கா, இவர் மூவரும் உறுப்பினர்கள். மாதம் முடியும்வரை ஒரு நாள்கூட விடாமல் ஆளுக்கொரு படம் வரைந்து போட வேண்டும். முதல் நாள் இவர் மாடு வரைந்தார். ‘மேசை ரொம்ப நல்லா இருக்கு’ என்று மருந்துக்கடை அக்கா பாராட்டினார். மறுநாள் காலையிலேயே இவர் மனைவியின் கையில் பென்சிலைத் திணித்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ‘அடுத்தவங்க கையால வரைஞ்சு போடுறவங்க, அன்னைக்கே குழுவை விட்டு வெளியே!’ என்று முதல் நாள் மார்தட்டிச் சட்டம் போட்டவரும் இவரேதான். விஷயம் வெளியே தெரிந்தால் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு பஞ்சர் ஒட்டுவது?

“ஏங்க, எப்படியும் நான்தானே வரையிறேன். என்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்களேன்,” என்று அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

“கடை வச்சிருக்கிறவங்க மட்டும்தான் சேரலாம். சட்டம்னா சட்டம்தான்,” என்றார் கண்டிப்பாக.

செல்போன் ‘டிங்’ என்றது. மற்றவர்களின் படங்கள் வர ஆரம்பித்தன.

“இங்க பாரேன், பேக்கரிக்காரரோட யானையை! உப்பி வந்த பன்னுக்குத் தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கு.”

“பன்னு சுடுறவர் கைக்கு யானை அப்படித்தான் வரும்.” மனைவி வெடுக்கென்றாள்.

“இந்தத் தையல்காரருக்கு ஒரு கோடுகூட நேரா இழுக்கத் தெரியல. விட்டு விட்டுப் போட்டிருக்கார்.”

“அது தையல் போட்ட மாதிரி தெரியணும்னு வேணும்னே போட்டது. ரசனை இருந்தாத்தானே உங்களுக்குப் புரியும்!”

“அக்கா படம் மாத்திரை சைசுல இருக்கு. பூதக்கண்ணாடி வச்சுத்தான் பார்க்கணும்...”

“போதும் நிறுத்துங்க. சொந்தமா ஒரு கோடு இழுக்க வக்கில்ல, ஊரார் படத்துக்கு மார்க் போட வந்துட்டார்!”

அவருக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டு எவரெவருக்கோ பரிந்து பேசுகிறாளே! ஆனால் வாயைத் திறக்க முடியுமா? கோபித்துக்கொண்டு பென்சிலைக் கீழே போட்டுவிட்டால் நாளைக்கு மறுபடியும் மேசைதான்.

அந்த மாதம் என்னவோ அவளுக்கு ராஜ உபசாரம்தான். ரொட்டி வாங்கப் போனால் பேக்கரிக்காரர் ஒரு கேக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மருந்துக்கடை அக்கா நாற்காலி போட்டு உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசினார். தையல்காரரோ, உலக அதிசயமாக, சொன்ன நாளுக்கு முன்பே துணியைத் தைத்துக் கொடுத்தார்.

“எல்லாம் என் முகத்துக்காகத்தான்,” என்று சைக்கிள் கடைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் பேக்கரி மாடியில் நிறைவு விழா. குடும்பத்தோடு வந்திருந்தார்கள். படங்கள் எல்லாம் சுவர் நிறைய ஒட்டப்பட்டிருந்தன. சிறப்பு விருந்தினராக வந்த பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அருமை! நாலு பேருக்கும் நாலு விதமான கை. ஒருத்தர் சாயல் இன்னொருத்தர்கிட்ட துளிகூட இல்ல!”

சைக்கிள் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“எங்கே, ஆளுக்கொரு தாளை எடுத்துக்குங்க. என் கண் முன்னால ஒரு பூனை வரைங்க, பார்ப்போம்!”

நிமிர்ந்த நெஞ்சு காற்றுப்போன டியூபாகச் சுருங்கியது. ஸ்பேனரைப் பிடிப்பதுபோலப் பென்சிலைப் பிடித்தார். பூனைக்கு முதலில் எதை வரைவது? மீசையா, வாலா?

“டீச்சர், எனக்குக் கையில கொஞ்சம் சுளுக்கு...” என்று இழுத்தார்.

“அட, எனக்கும் அதேதான்!” என்றார் தையல்காரர் அவசரமாக.

“எனக்குக் காலையிலிருந்து கண்ணு மங்கலா இருக்கு,” என்றார் மருந்துக்கடை அக்கா.

“முதல்ல எல்லாரும் டீ சாப்பிடலாமே. ஆறிடப் போகுது,” என்று பேக்கரிக்காரர் எழுந்தார்.

“டீ எங்கேயும் ஓடிடாது. உட்காருங்க சார். சுளுக்கும் கையுமா ரெண்டு கோடு போட்டாக்கூடப் போதும். ம்... வரைங்க!”

இனித் தப்ப வழியில்லை. சைக்கிள் கடைக்காரர் அழாத குறையாகத் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பேக்கரிக்காரரும், தையல்காரரும், மருந்துக்கடை அக்காவும்கூட அதே பரிதாப முகத்தோடு அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாவகாசமாக எழுந்து வந்தாள். நாலு தாளையும் தன் பக்கம் இழுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டு கேட்டாள்:

“சரி, யாரோட பூனை முதல்ல?”