டவுட் அக்கா

டவுட் அக்கா மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இந்த 'காமெரா'ன்னா என்ன டீச்சர்?"

பயிற்சி அறையே பெருமூச்சு விட்டது. சேல்ஸ்காரன் பேனாவை மேசையில் போட்டான்.

"அறை, அக்கா. ரூம். நேத்தே வந்துச்சே."

"மறந்துட்டேம்ப்பா. அப்ப 'கால்தா'ன்னா? கோல்டா?"

"நேரெதிர்," என்றாள் இத்தாலிய டீச்சர். "'கால்தா'ன்னா சூடு. பனியில நனைஞ்சு வந்த பயணி, கதகதப்பான அறை இருக்கான்னு விடுதிக்காரிகிட்ட கேட்கிறான். அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பில்லிங் தம்பியும் சிரித்தான்.

பயணி ஜில்லென்று ஒரு கேமரா கேட்கிறான் என்றுதான் நேற்றிலிருந்து அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எப்போதுதான் போட்டோ எடுப்பான் என்று அடுத்த பக்கங்களில் தேடியும் பார்த்துவிட்டான்.

ஆபீஸில் எல்லாருக்கும் இங்கிலீஷ் அத்துப்படி. அதுதான் வினை. இத்தாலிய வார்த்தை எதைப் பார்த்தாலும் தெரிந்த முகம் மாதிரியே இருக்கும். கிட்டே போனால் வேறு ஆள்.

டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள். "அகராதி கிடையாது. கதை படிச்சே கத்துக்கணும். யூகிங்க. முடியலேன்னா கேளுங்க."

கேட்டது டவுட் அக்கா மட்டும்தான்.

இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் சேல்ஸ்காரன் பில்லிங் தம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு டெஸ்ட். கடைசிக் கதையை இன்னும் தொடவே இல்ல. இந்தக்கா இப்படியே கேட்டுக்கிட்டிருந்தா நாம கதை முடிச்ச மாதிரிதான். டீச்சர்கிட்ட நீ சொல்லு."

"நானா?"

"உன் மூஞ்சிக்குப் புகார் சொன்னாலும் விண்ணப்பம் மாதிரி இருக்கும். போ."

பில்லிங் தம்பி காபி கப்பைக் கீழே வைத்தான். அடுத்த மாதம் பில்லிங் பிரிவை மூடுகிறார்கள். டெஸ்டில் தேறினால் புதிய இத்தாலியப் பிரிவில் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்கு. அவன் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் அவன்தான். வேலை போச்சு என்று அங்கே போய் நிற்க முடியாது.

போய்ச் சொன்னான்.

"உனக்கும் அவங்க கேட்கிறது தொந்தரவா இருக்கா?" என்றாள் டீச்சர்.

"ஆமா டீச்சர். நேரம் வீணாகுது."

டீச்சர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். வகுப்பு தொடங்கியதும், "இன்னிக்கு ஒரு நாள் கேள்வி வேண்டாம்மா. கதையை முடிச்சிடலாம்," என்றாள் அக்காவிடம்.

"சரி டீச்சர்."

கதை ஓடியது. ஒருவன் வீட்டை விற்கப் பார்க்கிறான். 'பரேன்தி' ஏழு பேர் கதவைத் தட்டுகிறார்கள். பில்லிங் தம்பிக்குத் தலை சுற்றியது. பரேன்தி என்றால் பேரன்ட்ஸ்தானே? ஏழு பேர் எப்படி?

பக்கத்தில் டவுட் அக்காவின் கை மேசையிலிருந்து எழுந்தது. பாதி வழியில் நின்றது. காதோர முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிக்கொண்டது.

பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம். அவன் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"பில்லிங், இதுவரைக்கும் கதை என்ன?" என்றாள் டீச்சர்.

எழுந்தான்.

"ஒருத்தன் வீட்டை விற்கிறான்... அவனோட அப்பா அம்மா ஏழு பேர் வந்து..."

"கொடுத்து வச்சவன்," என்றான் சேல்ஸ்காரன். "நமக்கெல்லாம் ரெண்டே ரெண்டு."

அறை குலுங்கியது.

"'பரேன்தி'ன்னா உறவுக்காரங்க. தெரியலேன்னா கேட்டிருக்கலாமே?" என்றாள் டீச்சர்.

அவன் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். தெரியாது என்று ஒரு தடவை வாயைத் திறந்தால், நீ நிஜமாவே டிகிரி முடிச்சவன்தானா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று காலேஜிலிருந்தே ஒரு பயம்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்று டீச்சர் டவுட் அக்கா பக்கம் திரும்பினாள்.

அக்கா எழுந்து கடகடவென்று ஆரம்பித்தாள். எங்கும் தடுக்கவில்லை. ஏழு உறவுக்காரர்களும் பங்கு கேட்டு அடித்துக்கொள்வதையும், சித்தப்பா சாவியைச் செருப்புக்குள் ஒளித்துவைப்பதையும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சொல்லி முடித்தாள்.

சேல்ஸ்காரனுக்கு வாய் மூடவில்லை.

"அக்கா, நிஜமாவே நீங்கதானா?"

"போன பேட்ச்லயும் இதே புத்தகம்தாம்ப்பா. அப்ப தெரியாததை ஒண்ணுகூட வாயைத் திறந்து கேட்கல. டெஸ்ட்ல போயிடுச்சு. கெஞ்சிக் கேட்டு இந்த பேட்ச்ல இன்னொரு வாய்ப்பு வாங்கினேன். அப்புறம் வீட்ல உட்கார்ந்து மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன்."

அடுத்த இடைவேளையில் பில்லிங் தம்பி வராந்தாவில் அவளைத் தேடிப் போனான்.

"அக்கா, உங்களைக் கேள்வி கேட்க விடாதீங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். கண்ணாடிக் கதவுதானே, பார்த்துட்டுதான் இருந்தேன். அதை விடு. கடைசிப் பக்கம் பாக்கியிருக்கு, புரியாததைக் கேட்டுடு. நாளைக்கு ஆளுக்கொரு ரூம்ல டெஸ்ட். பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

கடைசி வார்த்தைகள் அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஏங்க்கா தினமும் டவுட் கேட்டீங்க?"

"வாசிக்கும்போது உன் விரல் வரிக்கு அடியிலயே போய்க்கிட்டு இருக்கும் தம்பி. அது எங்க நின்னுடுதோ, அங்க எனக்கு டவுட் வந்துடும்."