கொளஞ்சியப்பனின் வலது கை

அவள் தோளில் கிடந்தது பச்சைத் துண்டா சிவப்புத் துண்டா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சுனாமிக்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். அதற்கும் அடுத்ததாகக்கூட இருக்கலாம்.

துண்டு கொளஞ்சியப்பனுடையது. அதில் சந்தேகமில்லை.

மாட்டுச் சந்தை வாசலில் சுங்கச் சீட்டு கிழிப்பது என் வேலை. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அன்று பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். தரகன் கொளஞ்சியப்பன் வரவேண்டிய நேரத்தில் அவன் மனைவி விருத்தாம்பாள் வந்தாள். நாற்பத்தாறு வயது. தோளில் அவன் துண்டு, கையில் பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் கறவை மாட்டுக் கயிறு. பட்டம்மாள் பின்னால் வந்தாள்.

“ஆளு எங்க?” என்றார் பொன்னுரங்கம். லாரியில் மாடு ஏற்றும் வியாபாரி.

“சோத்தாங்கை விழுந்துடுச்சி மாமா. இனிமே நாந்தான்.”

வாதம் என்றதும் நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். வழி விட்டார்கள். அதுவரை எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

எங்கள் சந்தையில் விலை வாயில் வராது. தரகனும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தி அழுத்தியே பேசி முடிப்பார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். துண்டுக்குள் என்ன விலை ஓடியது என்று அவருக்குத் தெரியாது. தரகன் வெளியே வந்து சொல்வதுதான் விலை.

இதற்குத் தொழில் தர்மம் என்று பெயர்.

விருத்தாம்பாள் துண்டை விரித்து, அதற்கடியில் கையை நீட்டினாள்.

பொன்னுரங்கம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அடுத்தவன் பொண்டாட்டி வெரலப் புடிச்சி வெல பேசறதா? எனக்குன்னு ஒரு மானம் இருக்கும்மா.”

சிரித்தார்கள்.

அந்த மானஸ்தரை நான் சிதம்பரம் டவுன் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அவர் ஏறினால், பக்கத்தில் நிற்கிற பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்துபோய்விடுவார்கள்.

மற்ற வியாபாரிகளும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். மானம் மாட்டு அம்மை மாதிரி பரவியது.

அந்த மாடு விலைபோகாமல் திரும்பினால் அடுத்த வாரம் ஒருவரும் அவளிடம் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

பட்டம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்பதுபோல.

விருத்தாம்பாள் துண்டை உதறி மாட்டின் முதுகில் போட்டாள்.

“பொன்னுரங்கம் மாமா ஏழாயிரத்துக்குக் கேக்கறாரு! வேற யாரு கேக்கறீங்க?”

ரோட்டுமேல் இருக்கும் டீக்கடை வரை கேட்டிருக்கும்.

“எவன் ஏழு கேட்டது? எட்டு சொல்லலாம்னு இருந்த மனுசனப் போயி…”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது பொன்னுரங்கத்தின் காதிலேயே விழுந்தது.

கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

பின்னாலிருந்து யாரோ “எட்டரை” என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொருவன் “ஒம்போது” என்றான். கடைசியில் ஒன்பதரைக்கு வாங்கியது பொன்னுரங்கமேதான். மானத்தைவிட மாடு நன்றாகக் கறக்கும் என்பது தெரிந்த மனிதர்.

பட்டம்மாள் பணத்தை எண்ணவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“போன வருசம் செவலப் பசுவ ஓட்டியாந்தனே, அதுக்கும் இப்படித்தான் கேட்டுருப்பாங்களா?”

அந்தப் பசுவை விற்றுக் கொடுத்தவன் கொளஞ்சியப்பன். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

விருத்தாம்பாள் மாட்டு முதுகிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். “கேட்டுருப்பாங்கக்கா. உங்கிட்டதான் கொறச்சிக் குடுத்துருப்பாரு.”

அவ்வளவுதான் நடந்தது.

பட்டம்மாள் பிறகு இரண்டு மாடு வாங்கினாள், இரண்டும் விருத்தாம்பாள் மூலமாக. பொன்னுரங்கம் வாயால் விலை சொல்லப் பழகிக்கொண்டார். இப்போது பெண்கள் முன்னுக்கு வரவேண்டும் என்றுகூடப் பேசுகிறார். துண்டு அவர் தோளில் இன்னும் இருக்கிறது, வியர்வை துடைக்க. தானே புயலில் என் சுங்கக் கொட்டகையின் கூரை பறந்துபோய், தகரம் போட்டுக் கொடுத்தார்கள். விருத்தாம்பாள் மொபெட்டில் வருகிறாள். மொபெட்டுக்கும் சுங்கம் உண்டா என்று வாராவாரம் என்னைச் சீண்டுகிறாள்.

போன வாரம் கொளஞ்சியப்பனைச் சிதம்பரம் கீழவீதியில் பார்த்தேன். வலது கையில் டீ கிளாஸ். அதைச் சுழற்றிச் சுழற்றி ஆற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண், பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. பிள்ளைக்கு அவன் ஜாடை. ஏழு வயதாவது இருக்கும்.

அந்தக் கை ஒருநாளும் விழவில்லை. ஆள்தான் போயிருக்கிறான். புருஷன் விட்டுப்போனவள் என்று வந்து நின்றிருந்தால் அவளை வாசலோடு திருப்பியிருப்பார்கள். கை விழுந்தவன் பெண்டாட்டி என்றதால் உச்சுக் கொட்டி உள்ளே விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பட்டம்மாளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இந்த வாரம் சந்தையில், அவன் கை எப்படி இருக்கிறது என்று பொன்னுரங்கம் அக்கறையாக விசாரித்தார்.

“அப்படியேதான் கெடக்குது மாமா,” என்றாள்.

நான் அவளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.