பதினோராவது நாள்

ரத்தப் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சடகோபன் ஷூவைத் தூசி தட்டி நடக்கப் போவார். அந்தப் பத்து நாளும் வாணலி கவிழ்ந்து கிடக்கும். கொழுப்பு குறைந்ததாக ரிப்போர்ட் வந்த மறுநாளே வடை பொரியும். ஷூ கட்டிலுக்கடியில் போய்விடும்.

இந்த முறையும் ரிப்போர்ட் நன்றாகவே வந்தது.

"இனி நீ தூங்கலாம்," என்றது வாணலி.

"நேத்து மூணு மாடி ஏறினார். எங்கயும் மூச்சு வாங்க நிக்கலை," என்றது ஷூ. "அவருக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"காலையில தெரிஞ்சுடும்."

விடிந்ததும் சடகோபன் ஷூவை மாட்டிக்கொண்டு போய், முருங்கைக்கீரையோடு திரும்பினார். வாணலியில் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கடுகு தாளித்தார்.

"இவ்வளவுதானா? எனக்கு இது பழக்கமில்லையே," என்று முனகியது வாணலி.

வாசலிலிருந்து ஷூ சொன்னது: "பதினோராவது நாள் நடந்து எனக்கும்தான் பழக்கமில்லை."