வெளிச்சுவர் அளவு

"உள்ளே அளக்காதீங்க சார். வெளிச்சுவரையும் சேத்து அளங்க."

தையற்காரி இப்படிச் சொன்னதும், வீட்டுவரிக்காக அறையை அளக்க நகராட்சியிலிருந்து வந்திருந்த அளவுக்காரர், நாடாவைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவர் காணாத ஒளிவுமறைவு இல்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையைப் பீரோவை நகர்த்தி மறைத்திருக்கிறார்கள். புதிதாகக் கட்டிய சமையலறையைக் கோழிக்கூடு என்று சாதித்திருக்கிறார்கள்.

தானே வலையைத் தேடி வந்து, இன்னும் சற்று இறுக்குங்கள் என்று கேட்கும் மீனை அவர் அன்றுதான் கண்டார்.

"அம்மா, உள்ளளவு போட்டா தொண்ணூத்திநாலு சதுர அடி. நூறுக்குக் கீழே இருந்தா தனி வரியே கிடையாது. உங்களுக்கு நல்லதுதானே பண்றேன்?"

அது அவருடைய வழக்கமான கருணை. விதிப்படி வெளிச்சுவரைத்தான் அளக்க வேண்டும். ஆனால், ஒரே அறையில் தொழில் செய்து பிழைப்பவர்களைக் கண்டால் உள்ளே நின்றே அளந்துவிட்டுப் போய்விடுவார். இதுவரை எவரும் அதைக் குறை என்று சொன்னதில்லை.

"அந்த நல்லதுதான் சார் எனக்கு வேண்டாம். நூறு தாண்டினாதானே தனி வரி எண் தருவீங்க? எண் இருந்தாதானே ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுப் போட முடியும்?"

அளவுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது.

சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு, இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிவிடும் வண்டி ஒன்று அந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுவரியோடு சேர்த்து வாங்கப்படும் சிறு கூடுதல் வரிதான் அதற்கு எரிபொருள். ஐந்தாண்டுக் கெடு முடியப்போகிறது. அதை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று வரி செலுத்துவோர் ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்ய வேண்டும். ஒரு வரி எண்ணுக்கு ஒரு வாக்கு. வாக்காளர் பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்படும்.

முன்னால் இருந்த பெரிய வீடு தையற்காரியின் அண்ணனுடையது. அதன் வாக்கும் அவருடையது. வேண்டாம் என்றே வாக்களிக்கப் போவதாக அவர் தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தார். பின்சந்தைப் பார்த்த இந்த ஒற்றை அறை மட்டும் தையற்காரியுடையது. சட்டை சட்டையாகத் தைத்து அவளே கட்டியது. பத்திரமும் அவள் பெயரில்தான்.

அவர்களுடைய அம்மா, இரண்டு ஆண்டுகளாக, வாரத்துக்கு மூன்று முறை போய்வந்தது அந்த வண்டியில்தான். அந்த அம்மாள் அதில் ஏறுவதை அளவுக்காரரும் பார்த்திருக்கிறார்.

அண்ணன் இடைவாசலில் வந்து சாய்ந்துகொண்டார்.

"நல்லா பாத்துக்கோங்க சார். ஊரே வரியை எப்படிக் குறைக்கலாம்னு அலையுது. இவ ஒருத்திதான் கொஞ்சம் லூஸா தைச்சுக் குடுங்கன்னு கேக்கறா."

"உனக்குத்தாண்ணா வருஷா வருஷம் லூஸா தைக்க வேண்டியிருக்கு. அந்தத் தொப்பைக்கு வரி போட்டா வண்டி ரெண்டு ஓடும்."

அளவுக்காரர் சிரிப்பை அடக்கப் படிவத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் விளையாட்டோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர்களின் அளவுகளைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்து நீட்டினாள். ஒருவருடைய கழுத்தளவுக்கும் இன்னொருவருடைய கையளவுக்கும் நடுவே, நகராட்சி அறிவிப்புப் பலகையில் இருந்த விதி, எழுத்துப் பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. 'வெளிச்சுவர்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள்.

சுவர்க் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது.

"ஒரு தடவை எழுதிட்டா அழிக்க முடியாதும்மா. உங்க காலம் முழுக்கக் கட்டணும்."

"கட்டறேன் சார். எழுதுங்க."

அந்தக் குரலில் தயக்கத்தின் நூல் ஒன்றுகூடத் தொங்கவில்லை. அளவுக்காரர் நெகிழ்ந்துபோனார்.

"அம்மாவுக்காக இவ்வளவு பாடுபடறீங்க. பிள்ளைங்கன்னா இப்படித்தான் இருக்கணும்."

தையற்காரி தலையைத் தாழ்த்திக்கொண்டாள். பதில் சொன்னவர் அண்ணன். குரலில் சற்றுமுன் இருந்த கேலி இல்லை.

"அம்மா போய் நாளையோட ஒரு மாசம் சார். இந்த வீட்ல அந்த வண்டியில ஏற இனிமே ஆளே இல்ல. அப்புறம் யாருக்காக இந்தப் பிடிவாதம்னுதான் நானும் கேக்கறேன். வாயைத் திறக்க மாட்டேங்கறா."

தைத்து முடிக்காத சட்டை ஒன்று இயந்திரத்தின் ஊசியில் சிக்கியபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா ஒவ்வொரு படியா எறங்கி வர்ற வரைக்கும், வண்டிக்குள்ள ஆறு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்கண்ணா. அவங்களுக்கும் அதே வலிதான். டிரைவரை ஒருநாள்கூட ஹாரன் அடிக்க விடல."



அளவுக்காரர் நாடாவோடு பின்சந்தில் இறங்கினார். வெளிச்சுவர் நீளமானது, மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தையற்காரி செருப்பைத் தேடினாள்.

அதற்குள் அண்ணன் இறங்கிவிட்டார். சாக்கடையைத் தாண்டிப் போய், சிரமத்தோடு குனிந்து, நாடாவின் நுனியைச் சுவரின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"தொய்வா இருக்கு, இழுங்க சார்" என்றார், யாரையும் பார்க்காமல்.