ஓட்டைக்கு விலை

“இந்தப் பெரிய ஓட்டைக்கும் சேர்த்தா விலை சொல்றீங்க?”

அருங்காட்சியகக் கடைக்காரர் அசரவில்லை. “ஓட்டைக்குத்தாம்மா விலையே! வாசல்ல நிக்குதே பெரிய கல் சிற்பம், அதோட அச்சு அசல், மேசைமேல வைக்கிற மாதிரி. ஓட்டைன்னா பிரபஞ்சத்தோட வெறுமையாம். பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “அம்மாவுக்கு வாங்குறேன். இப்பல்லாம் என்னையே யாருன்னு கேக்குறாங்க. இதைப் பார்த்தாவது ஏதாவது ஞாபகம் வருதான்னு பார்க்கணும்.”

கடைக்காரர் மனமிறங்கி விலையைக் குறைத்தார்.

வீட்டில் சன்னலோரம் மேகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் அம்மா. மகள் அந்தக் குட்டிச் சிற்பத்தை மடியில் வைத்தாள். அம்மாவின் விரல்கள் தூக்கத்தில் நடப்பவைபோல அதன் வளைவுகளில் ஊர்ந்து, ஓட்டைக்குள் போய் நின்றன.

“இந்த ஓட்டை எதுக்கும்மா?” என்றாள் மகள்.

“உஷ்! மெதுவாப் பேசும்மா, நீ யாரோ தெரியல. நான் இந்தக் கல்லுல உளி வச்சா, என் பொண்ணு என்னை விட்டு நகரவே மாட்டா. அவ படுத்துக்கத்தான் இதைக் குடைஞ்சேன். இப்பதான் தூங்கியிருக்கா.”

மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். உள்ளே தூங்கும் தன்னை எழுப்ப அவளுக்கே மனம் வரவில்லை.