முதலில் இதை இறக்கு

சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

கடைசல் மெஷினுக்குத் தனி ஒயர், ரம்பத்துக்குத் தனி ஒயர், மேலே இரண்டு டியூப்லைட். மெஷின் கிளம்பும்போது வெளிச்சம் மங்கினால் விரல் போய்விடும்.

அந்த அக்கா கட்டிலுக்கும் மேஜைக்கும் கால் கடைந்து கொடுப்பவள். வீட்டின் முன்னறையில் இருந்த பட்டறையைப் பின்னறைக்கு மாற்றுகிறாள். அதற்கு ஒயரிங் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், ஜெனரேட்டர் பேச்சு வந்ததும் முரண்டு பிடித்தாள். அது மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. தொட்டு வருடக்கணக்காகிறது போல, சாக்கின் மேல் அவ்வளவு தூசி.

அதற்கென்று தனி வேலையே வேண்டாம் என்றேன். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் ஒன்று போதும். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் பிளக்கில். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

“இறக்க மறந்துட்டா?”

மறந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வெளியே தெரு லைனுக்குப் போய்விடும். அதையெல்லாம் யார் மறப்பார்கள் என்று சிரித்தேன்.

அவள் மசியவில்லை. மாற்றுச் சுவிட்ச்தான் வேண்டுமாம். கைப்பிடி இந்தப் பக்கம் இருந்தால் தெரு கரண்ட், அந்தப் பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். ஆள் மறந்தாலும் இரண்டும் சேராது.

அதோடு விட்டாளா? ஜெனரேட்டர் ஓடும்போது வாசல் சுவரில் ஒரு சிவப்பு பல்பு எரிய வேண்டுமாம். வாசல் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமாம்.

“கம்பத்துல காக்காதானேக்கா உக்காரும்?”

அவள் சிரிக்கவில்லை.

மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்து: முதலில் இதை இறக்கு. கீழே அடிக்கோடு வேறு. அசிங்கமாக இருக்கிறது, வெள்ளையடித்து மறைத்துவிடலாம் என்று கை வைக்கப் போனேன்.

“அது இருக்கட்டும்” என்றாள் வெடுக்கென்று. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “திங்கக்கிழமைலேர்ந்து பையன் வேலைக்குப் போறான் தம்பி. அவங்கப்பா பாத்த லைன்மேன் வேலையையே அவனுக்குக் குடுத்திருக்காங்க.”

அப்பா பார்த்த வேலை பிள்ளைக்கு எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவளாகவே சொன்னாள். காற்றில் லைன் அறுந்த நாள். பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வாசல் கம்பத்தில் ஏறினாராம். செத்த லைனில் எங்கிருந்தோ கரண்ட் வந்தது. எந்த வீட்டு ஜெனரேட்டர் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் என்று பையன் முடிவு கட்டிவிட்டான். இன்றுவரை அவர் முகத்தில் முழிப்பதில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் மேலே தொங்கும்போது கீழே எவனோ மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறான். பாவி, நன்றாக இருப்பானா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் விரல் அந்தச் சிவப்பு எழுத்தைத் தடவியது.

“இதை அவர்தான் எழுதி வச்சாரு, நான் மறந்துடுவேன்னு. அன்னைக்குக் கட்டில் கால் அவசரம். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.”

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

“பையன் வந்துட்டான். சுவிட்ச் எங்க வரும்னு சொல்லுங்க தம்பி.”